ஹவாய்த் தீவுகளில் கப்பல் சுற்றுலா

ஹவாய்த் தீவுகளில் கப்பல் சுற்றுலா என்பது, வட பசிபிக் பெருங்கடலின் நடுவில் அமைந்துள்ள ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் முக்கிய தீவுகளைப் பெரிய பயணிகள் கப்பலொன்றில் தங்கியவாறே சுற்றிப் பார்க்கும் பயண முறையாகும். பயணிகள் கப்பலிலேயே உண்டு உறங்குவர். கப்பல் பெரும்பாலும் இரவில் தீவு விட்டுத் தீவு செல்லும். பகலில் துறைமுகத்தில் நிற்கும். ஹவாய்த் தீவுகள் அனைத்தும் எரிமலைகளால் உருவானவை. ஆண்டு முழுவதும் மிதமான வெப்பம் நிலவுவதால், எல்லாப் பருவங்களிலும் இப்பயணங்கள் நடைபெறுகின்றன. தீவுகளின் வயது, எரிமலைகளின் இயல்பு, அமெரிக்கக் கடற்சட்டம், உள்ளூர் மக்களின் நிலைப்பாடு ஆகிய நான்கும் இச்சுற்றுலாவின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன.

புவியியல் பின்னணி

ஹவாய் தீவுக்கூட்டம் ஏறத்தாழ 2,400 கி.மீ. நீளத்துக்கு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டுள்ளது. இதில் எட்டுத் தீவுகள் முதன்மையானவை. அவை நீஹாவ், கவாயி, ஒவாஹு, மொலக்காய், லானாய், கஹோலாவி, மாவி, ஹவாய் என்பனவாகும். இவற்றுள் கடைசியாகக் குறிப்பிடப்பட்ட ஹவாய் தீவே மிகப் பெரியது. மாநிலத்தின் பெயரோடு குழப்பம் ஏற்படாதிருக்க இது "பெரிய தீவு" என்றும் அழைக்கப்படுகிறது.

உலகின் பெரும்பாலான எரிமலைகள் புவித்தட்டுகளின் விளிம்புகளில் அமைந்துள்ளன. ஹவாய் எரிமலைகளோ பசிபிக் தட்டின் நடுப்பகுதியில் உள்ளன. இதற்கான விளக்கத்தைக் கனடியப் புவியியற்பியலாளர் யோன் டூசோ வில்சன் 1963 ஆம் ஆண்டில் முன்வைத்தார். அதன்படி, புவியின் ஆழத்திலிருந்து வெப்பப் பொருள் மேலெழும் இடமொன்று ஏறக்குறைய நிலையாக உள்ளது. இது வெப்பப்புள்ளி எனப்படுகிறது. இதற்கு மேலே பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வடமேற்கு நோக்கி நகர்கிறது. வெப்பப்புள்ளியின் மேல் இருக்கும்வரை எரிமலை வளர்கிறது. தட்டு நகர்ந்ததும் அந்த எரிமலை படிப்படியாக அணைந்துவிட, பின்னால் புதிய எரிமலை தோன்றுகிறது.

இதனால் தீவுகளின் வயது வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் குறைந்துகொண்டே வருகிறது. கவாயித் தீவு ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள் பழமையானது. ஹவாய் தீவின் வயதோ 10 இலட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு. ஹவாய் தீவுக்குத் தென்கிழக்கே, கடல்மட்டத்திற்குக் கீழே காமஎகுவாகனலோவா என்ற இளம் எரிமலை வளர்ந்து வருகிறது. இதன் உச்சி இன்னும் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் உள்ளது. தீவுகளைச் சுற்றி வரும் கப்பல் பயணி, தீவொன்றின் பிறப்பு, வளர்ச்சி, தேய்வு ஆகிய நிலைகளை ஒரே வாரத்தில் வரிசையாகப் பார்க்க முடிகிறது.

ஹவாய் எரிமலைகளின் குழம்பு பாகுத்தன்மை குறைந்தது. எளிதில் வழிந்தோடிப் பரவுவதால் செங்குத்தான கூம்புகளுக்குப் பதிலாகக் கவிழ்த்து வைத்த கேடயம் போன்ற அகன்ற மலைகள் உருவாகின்றன. இவை கேடய எரிமலைகள் எனப்படும். மவுனா கியா கடல்மட்டத்திலிருந்து 4,207 மீட்டர் உயரமுடையது. கடலடியிலுள்ள அதன் அடிவாரத்திலிருந்து அளந்தால் உயரம் 10,000 மீட்டரைத் தாண்டும். மவுனா லோவா 4,169 மீட்டர் உயரமுடையது.

தீவுகளின் வயது துறைமுகங்களையும் பாதிக்கின்றது. பழைய தீவுகளில் மழையும் ஆறுகளும் பாறையை அரித்துப் பள்ளத்தாக்குகளையும் விரிகுடாக்களையும் உருவாக்கியுள்ளன. ஹவாய் தீவின் மேற்குக் கரையோ அண்மைக்காலக் குழம்புப் பாறையால் ஆனது. அங்கு ஆழமான உட்குடா குறைவு. ஆகவே கோனாவில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. அவை சற்றுத் தொலைவில் நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றனர். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களில் அங்கு இறங்குவது கைவிடப்படுவதும் உண்டு.

தட்பவெப்பநிலை

முதன்மைத் தீவுகள் கடகக் கோட்டிற்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ 19 முதல் 22 பாகை வட அகலாங்குகளுக்கு இடையில் அமைந்துள்ளன. ஹொனலுலு நகரில் பகல்நேர உயர் வெப்பநிலை குளிர்காலத்தில் 27 பாகை செல்சியசையும் கோடையில் 31 பாகை செல்சியசையும் ஒட்டியிருக்கும்.

வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலைகளில் மோதுவதால் ஒவ்வொரு தீவிலும் வடகிழக்குப் பக்கம் பசுமையாகவும் தென்மேற்குப் பக்கம் வறண்டதாகவும் உள்ளது. கவாயித் தீவின் நடுவிலுள்ள வயாலியாலி மலை உலகில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாகும். ஹவாய் தீவின் கிழக்கிலுள்ள ஹீலோ நகரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதே தீவின் வடமேற்குக் கரையின் சில பகுதிகளில் 250 மில்லிமீட்டர் கூடக் கிடைப்பதில்லை.

சூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவமாகும். சூறாவளிகள் தீவுகளை நேரடியாகத் தாக்குவது அரிது. எனினும் 1992 செப்டம்பர் 11 அன்று இனிக்கி சூறாவளி கவாயித் தீவில் பெருஞ்சேதம் விளைவித்தது. குளிர்காலத்தில் வடக்குக் கரைகளில் பேரலைகள் எழும்.

வரலாறு

ஹவாயை முதலில் அடைந்தவர்கள் பொலினீசிய மக்கள் ஆவர். திசைகாட்டியோ வரைபடமோ இன்றி, விண்மீன்கள், அலையின் போக்கு, பறவைகள் ஆகியவற்றைக் கொண்டு வழியறிந்து இரட்டை ஓடங்களில் அவர்கள் இங்கு வந்தனர். இத்திறன் உண்மையானதே என்பதை மெய்ப்பிக்க, 1976 ஆம் ஆண்டில் ஹொக்குலேயா என்னும் ஓடம் கருவிகள் ஏதுமின்றி ஹவாயிலிருந்து டஹீட்டிக்குச் செலுத்தப்பட்டது. மைக்ரோனீசியாவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக் அதன் வழிகாட்டியாக இருந்தார்.

ஆங்கிலேய மாலுமி யேம்சு குக் 1778 சனவரியில் இத்தீவுகளை அடைந்தார். அவர் 1779 பெப்ரவரி 14 அன்று ஹவாய் தீவின் கியலகெக்குவா குடாவில் ஏற்பட்ட மோதலில் கொல்லப்பட்டார். பின்னர் முதலாம் கமேகமேகா மன்னர் 1810 ஆம் ஆண்டளவில் தீவுகளை ஒரே அரசின் கீழ்க் கொண்டுவந்தார். அரசி லிலியுவொக்கலானி 1893 சனவரி 17 அன்று ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். 1898இல் ஹவாய் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டு, 1959இல் அதன் 50 ஆவது மாநிலமானது.

தீவுகளுக்கிடையே நீராவிக் கப்பல் சேவையை நடத்த 1883 ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஹொனலுலுவிலிருந்து கிலாவியா எரிமலையைக் காணச் சென்றவர்கள் இத்தகைய கப்பல்களிலேயே பயணித்தனர். 1927 ஆம் ஆண்டில் மாட்சன் நிறுவனத்தின் மலோலோ கப்பல் கலிபோர்னியாவுக்கும் ஹொனலுலுவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. கப்பல் வரும் நாள் ஹொனலுலுவில் திருவிழாப் போன்று கொண்டாடப்பட்டது. இறங்குவோருக்கு மலர்மாலை அணிவித்தும், இசைக்குழு வாசித்தும் வரவேற்பளிக்கப்பட்டது. துறைமுகத்தில் 1926இல் கட்டப்பட்ட அலோகா கோபுரம் அக்காலத்தின் நினைவுச்சின்னமாக இன்றும் நிற்கிறது. தாரை விமானங்கள் வந்தபின் பெருங்கடல் கப்பல் சேவைகள் நலிவடைந்தன. தீவுகளைச் சுற்றும் வாராந்தரப் பயணங்கள் 1980 ஆம் ஆண்டில் ஓசியானிக் இன்டிபென்டன்சு என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கின. அதனை நடத்திய நிறுவனத்தின் தாய் நிறுவனம் 2001 அக்டோபரில் நொடித்துப்போனதால் அச்சேவை நின்றது.

சட்டச் சூழல்

1886 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணிகள் கப்பல் சேவைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பதிவான கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றிச்செல்ல முடியாது. உலகின் பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்கள் பகாமாசு, பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே அவை ஹவாயை மட்டும் சுற்றிவர முடியாது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றையும் தொட்டாக வேண்டும்.

இதன் விளைவு வியப்பானது. 2001 முதல் 2004 வரை ஹொனலுலுவிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல், சட்டத்தை நிறைவேற்றுவதற்காகவே ஏறத்தாழ 1,900 கி.மீ. தெற்கே உள்ள கிரிபட்டி நாட்டின் தபுவெரான் தீவுக்குச் சென்று திரும்பியது. சில நூறு கி.மீ. இடைவெளிக்குள் அமைந்த தீவுகளைப் பார்ப்பதற்கு இத்தனை தொலைவு கடக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு வந்து திரும்பும் கப்பல்கள் இதே காரணத்துக்காக மெக்சிக்கோவின் என்செனாடா துறைமுகத்தில் நின்று செல்கின்றன.

பிரைட் ஒவ் அமெரிக்கா என்ற கப்பல் இதற்கு விதிவிலக்காகும். இதன் கட்டுமானம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் தொடங்கியது. உரிமையாளர் நொடித்துப்போனதால் பாதியில் நின்ற உடற்பகுதி செருமனிக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அங்கு 2004 சனவரியில் வீசிய புயலில் கப்பல் பகுதியாக மூழ்கியது. பின்னர் மீட்கப்பட்டு, சிறப்புச் சட்ட விலக்குடன் 2005இல் அமெரிக்கக் கொடியின் கீழ் சேவைக்கு வந்தது. அதே நிறுவனம் அமெரிக்கக் கொடியின் கீழ் இயக்கிய வேறு இரு கப்பல்கள் 2008இல் ஹவாயை விட்டு நீக்கப்பட்டன. அமெரிக்கக் கொடியுள்ள கப்பலில் அமெரிக்கத் தொழிற்சட்டங்களும் வரிகளும் பொருந்துவதால் இயக்கச் செலவு கூடுதலாகும். ஹவாய் மாநிலத்தில் சூதாட்டம் தடை செய்யப்பட்டுள்ளதால் இக்கப்பலில் சூதாட்டக்கூடமும் கிடையாது.

வழமையான பயண வழி

ஒரு வாரப் பயணம் பொதுவாகப் பின்வரும் இடங்களை உள்ளடக்கும்.

ஹொனலுலு, ஒவாஹுத் தீவு: பயணம் தொடங்கி முடியும் இடம். நகருக்கு அருகிலுள்ள டயமண்ட் எட் என்பது 232 மீட்டர் உயரமுள்ள அணைந்த எரிமலைக் கூம்பாகும். 1941 டிசம்பர் 7 அன்று சப்பானியரால் தாக்கப்பட்ட முத்துத் துறைமுகமும் இத்தீவிலேயே உள்ளது.

கஹுலுயி, மாவித் தீவு: இங்கிருந்து 3,055 மீட்டர் உயரமுள்ள ஹலியாக்கலா மலைக்குச் செல்லலாம். உச்சியில் சூரிய உதயம் காண்பதற்குக் கூட்டம் மிகுந்ததால், 2017 முதல் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. கடற்கரையில் வெப்பமாக இருந்தாலும் உச்சியில் விடியற்காலையில் கடுங்குளிர் நிலவும்.

ஹீலோ, ஹவாய் தீவு: கிலாவியா எரிமலை அமைந்துள்ள தேசியப் பூங்கா இங்கிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. 1946, 1960 ஆம் ஆண்டுகளில் ஆழிப்பேரலைகளால் ஹீலோ பெரிதும் அழிந்தது. 1960இல் மட்டும் 61 பேர் இறந்தனர். 1946 பேரழிவே பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு 1949இல் உருவாகக் காரணமாயிற்று. அலை அடித்துச் சென்ற கடலோர வணிகப் பகுதி இன்று பூங்காவாகத் திறந்த வெளியாக விடப்பட்டுள்ளது.

கோனா, ஹவாய் தீவு: வறண்ட மேற்குக் கரை. எரிமலைச் சரிவுகளில் விளையும் காப்பிக்குப் பெயர்பெற்றது.

நாவிலிவிலி, கவாயித் தீவு: வைமியாப் பள்ளத்தாக்கு இத்தீவின் மேற்கில் உள்ளது. கப்பல் இங்கிருந்து புறப்பட்டபின் வடமேற்கிலுள்ள நா பாலிக் கரையோரமாகச் செல்லும். ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை உயர்ந்த இச்செங்குத்துப் பாறைகளின் ஊடாகச் சாலை எதுவும் இல்லை. கடல், வான், நடைபாதை ஆகிய வழிகளில் மட்டுமே இவற்றைக் காண முடியும். குளிர்கால அலைகளைப் பொறுத்து இப்பகுதி தவிர்க்கப்படலாம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வட பசிபிக்கின் கூனல் திமிங்கிலங்கள் கன்று ஈனுவதற்காக மாவியைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலுக்கு வருகின்றன. இக்கடற்பகுதி 1992இல் திமிங்கிலக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மொலக்காய், லானாய்த் தீவுகள் பெரிய கப்பல்களின் வழக்கமான நிறுத்தங்களாக இல்லை.

எரிமலை இடர்கள்

கிலாவியாவின் குழம்பு கடலில் கலந்த காலங்களில், கப்பல்கள் இரவில் அக்கரையோரமாகச் சென்று பயணிகளுக்கு அக்காட்சியைக் காட்டின. இவ்வாறு காண்பதற்கு எல்லை உண்டு. ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசு வெப்பமுள்ள குழம்பு கடல்நீரைத் தொடும்போது நீர் கணப்பொழுதில் ஆவியாகி விரிவடைந்து பாறைத் துண்டுகளைச் சிதறடிக்கிறது. கடல்நீரிலுள்ள உப்பு சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத் துளிகளும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த வெண்ணிறப் புகை எழுகிறது. குழம்பு இறுகி உருவான புதிய கரைமேடை திடீரெனக் கடலுக்குள் சரிவதும் உண்டு.

2018 மே 3 அன்று கிலாவியாவின் கிழக்குச் சரிவில் தொடங்கிய வெடிப்பில் ஏறத்தாழ 700 வீடுகள் அழிந்தன. கபோகோ குடா முழுவதும் குழம்பால் நிரம்பியது. அதே ஆண்டு சூலை 16 அன்று, குழம்பு கடலில் கலப்பதைக் காணச் சென்ற சுற்றுலாப் படகொன்றின் மீது எரிகற்கள் விழுந்ததில் 23 பேர் காயமடைந்தனர். கூரையைத் துளைத்துக்கொண்டு கற்கள் உள்ளே விழுந்தன.

மவுனா லோவா 2022 நவம்பர் 27 அன்று, 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் வெடித்தது. கிலாவியாவில் 2024 டிசம்பரில் தொடங்கிய வெடிப்பின்போது, 2025இலும் உச்சிப் பெருவாய்க்குள் குழம்பு ஊற்றுகள் விட்டு விட்டு எழுந்தன. பூங்காவுக்குள் இருந்து காணக்கூடிய இத்தகைய வெடிப்புகளில் குழம்பு கடலை அடைவதில்லை. எனவே கப்பலிலிருந்து குழம்பைக் காண்பது எப்போதும் கிடைக்கும் காட்சியன்று.

சூழலும் உள்ளூர் மக்களும்

கண்டங்களிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால், ஹவாயின் பூர்வீகத் தாவரங்களிலும் பூச்சிகளிலும் பெரும்பாலானவை வேறெங்கும் காணப்படாதவை. வெளியிலிருந்து வரும் விதை, பூச்சி, நோய் ஆகியவை இவற்றுக்கு ஆபத்தாக அமையக்கூடும். எனவே பழங்கள், செடிகள் முதலியவற்றைத் தீவுக்குள் கொண்டுவருவது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பவளப்பாறைகளுக்குத் தீங்கு விளைவிக்கும் எனக் கருதப்படும் இரு வேதிப்பொருட்கள் அடங்கிய வெயில்காப்புக் களிம்புகளின் விற்பனை 2021 சனவரி 1 முதல் மாநிலத்தில் தடைசெய்யப்பட்டது. கப்பல் புகையைப் பொறுத்தவரை, முதன்மைத் தீவுகளைச் சூழ்ந்த கடல் 2012 முதல் வட அமெரிக்க உமிழ்வுக் கட்டுப்பாட்டு வலயத்தில் அடங்கும். 2015 முதல் இங்கு 0.1 விழுக்காட்டுக்கு மேற்படாத கந்தகமுள்ள எரிபொருளையோ அதற்கு ஈடான தூய்மையாக்கும் முறையையோ பயன்படுத்த வேண்டும்.

கப்பல் பயணிகளால் உள்ளூருக்குக் கிடைக்கும் பயன் குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. பேருந்து ஓட்டுநர், வழிகாட்டி, கடைக்காரர் ஆகியோர் கப்பல் வரும் நாட்களை நம்பியுள்ளனர். மறுபுறம், பயணிகள் கப்பலிலேயே உண்டு உறங்குவதால் தீவில் செலவிடுவது குறைவு என்றும், ஒரே நாளில் 2,000 பேர் இறங்குவது சிற்றூரின் சாலைகளையும் கடற்கரைகளையும் நெருக்குகிறது என்றும் கூறப்படுகிறது. 2007 ஆகத்தில், தீவுகளுக்கிடையிலான விரைவுப் படகுச் சேவையொன்று சூழல் தாக்க ஆய்வின்றித் தொடங்கப்பட்டதை எதிர்த்து, கவாயி மக்கள் அலைச்சறுக்குப் பலகைகளிலும் சிறு ஓடங்களிலும் நாவிலிவிலித் துறைமுகத்தின் குறுக்கே நின்றனர். திமிங்கிலங்கள் மீது மோதும் ஆபத்து அவர்களின் கவலைகளில் ஒன்றாகும். அச்சேவை 2009இல் முடிவுக்கு வந்தது. சுற்றுலாவிலிருந்து சூழல் பாதுகாப்புக்கு நிதி திரட்ட 2025இல் ஹவாய் இயற்றிய சட்டம் கப்பல் பயணக் கட்டணத்துக்கும் வரி விதித்தது. இதனை எதிர்த்துக் கப்பல் துறையினர் நீதிமன்றத்தை நாடினர்.

2023 ஆகத்து 8 அன்று மாவித் தீவின் லகைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2,000க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. முன்பு ஹவாய் இராச்சியத்தின் தலைநகராக இருந்த இவ்வூருக்கு அப்பால் சில கப்பல்கள் நங்கூரமிட்டுப் பயணிகளை இறக்குவது வழக்கமாக இருந்தது. வீடிழந்தோர் விடுதி அறைகளில் தங்கவைக்கப்பட்டிருந்த நிலையில், சுற்றுலாவை எப்போது மீண்டும் தொடங்குவது என்பது கடும் விவாதத்துக்குள்ளானது. லகைனாவின் நடுவே 1873இல் நடப்பட்ட ஆலமரம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டதாகும். தீயில் கருகிய அம்மரம் சில வாரங்களில் மீண்டும் துளிர்த்தது.

தமிழர் தொடர்பு

கவாயித் தீவின் வைலுவா ஆற்றங்கரையில் கவாயி ஆதீனம் என்ற சைவ மடம் அமைந்துள்ளது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி (1927–2001) இதனை 1970இல் நிறுவினார். இங்குள்ள இறைவன் கோயில் சோழர் பாணியில், வை. கணபதி சிற்பியின் வடிவமைப்பில் கட்டப்பட்டது. இதன் கருங்கற்கள் பெங்களூருக்கு அருகில் தமிழ்நாட்டுச் சிற்பிகளால் கையுளிகொண்டு செதுக்கப்பட்டுக் கப்பலில் அனுப்பப்பட்டன. குடமுழுக்கு 2023இல் நடைபெற்றது. நாவிலிவிலித் துறைமுகத்திலிருந்து சாலை வழியாக இக்கோயிலை அடையலாம். எரிமலைப் பாறையாலான தீவில், தென்னிந்தியக் கருங்கல்லால் எழுந்த கோயில் என்பது இதன் தனிச்சிறப்பாகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஹவாய்
வெப்பப்புள்ளி
கேடய எரிமலை
கிலாவியா
ஆழிப்பேரலை
கவாயி ஆதீனம்